தாத்தா வீட்டுப் படங்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் இடிக்கப்போகும் பூர்வீக வீட்டிலிருந்து இறக்கி வைத்திருக்கும் படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடி போட்ட தஞ்சாவூர்ப் பலகைப் படம் ஒன்று, சட்டம் போட்ட ரவி வர்மா படங்கள் நான்கு, தங்கசாலையில் அரிசி மண்டி வைத்திருந்த கொள்ளுத்தாத்தாவின் பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று. பெரியப்பா பிள்ளைகள் விற்றுப் பங்கு போடலாம் என்கிறார்கள். நீங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறீர்கள். அவர்கள் வாங்கிக்கொள்வார்களா, குடும்பத்தின் பெயரைப் போடுவார்களா என்பது நீங்கள் வெளிப்படையாகக் கேட்டது. அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அங்கே இருப்பதெல்லாம் ராஜாக்களும் துரைமார்களும் கொடுத்தவைதானே, மண்டி வைத்துப் பிழைத்த குடும்பம் கொடுப்பதற்கு அங்கே என்ன மதிப்பு என்ற தயக்கம். கடைசியாக, வடசென்னையில் ஏன் இப்படி ஒரு கலைக்கூடம் இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அருங்காட்சியகப் பணியில், பெரும்பாலும் பதிவேட்டுப் பிரிவிலும் ஓவியப் பாதுகாப்பிலும் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். படங்களை நேரில் பார்க்காமல் அவற்றின் வயதையோ விலையையோ சொல்வது பொறுப்பான செயல் ஆகாது. ஆகையால் அந்த இரண்டையும் சொல்ல மாட்டேன். நீங்களே எதைப் பார்த்து எவ்வளவு தூரம் முடிவுக்கு வரலாம் என்பதைச் சொல்கிறேன்.

தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான பதில் அருங்காட்சியகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகம் கலைப் பொருட்களோடு பிறந்ததே இல்லை. சென்னை இலக்கியச் சங்கம் 1846இல் வைத்த வேண்டுகோளின் பேரில், 1851இல் கல்லூரிச் சாலையில் இருந்த கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில், எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் அது தொடங்கியபோது கைவசம் இருந்தவை அந்தச் சங்கம் கொடுத்த 1,100 கல், கனிம மாதிரிகள். மூன்றாண்டுகளில் அது எழும்பூரின் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. பாந்தியன் சாலை என்ற பெயர் அந்தக் கட்டடத்தின் மிச்சம்தான். பிறகு சேர்ந்தவற்றை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு வழியாக வந்திருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடாரியைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், வாழ்நாள் முழுதும் சேர்த்த தொல்பழங்காலப் பொருட்களை அருங்காட்சியகம் 1904இல் அவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அது கொடை இல்லை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை தொல்லியல் துறையின் பணி வழியாக வந்தவை. ஆந்திரத்தின் அமராவதிப் பௌத்தத் தூபியைச் சேர்ந்த கற்சிற்பங்களில் ஒரு பெரும்பகுதி 1859இல் கப்பலேறி லண்டனுக்குப் போய்விட, மிச்சமும் பின்னால் கிடைத்தவையும் சேர்ந்து இங்கே நிற்கின்றன.

உலகம் எழும்பூரைத் தேடி வருவது அங்குள்ள செப்புத் திருமேனிகளுக்காக. திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோதென் மெய்மறந்து எழுதினார். அந்தத் திருமேனிகளில் கணிசமானவை எந்த ராஜாவும் கொடுத்தவை அல்ல. ஏர் ஓட்டும்போதும், கிணறு வெட்டும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. உரிமை கோர வேறு யாரும் இல்லாதபோது, பொதுவாகக் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு அதைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வடக்குப்பனையூரின் இராமர், இலக்குவன், சீதை, பணிந்து நிற்கும் அந்தச் சின்ன அனுமன் ஆகியோர் மண்ணிலிருந்து எழும்பூருக்கு வந்தது இந்த வழியில்தான். நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கிப் பல பத்தாண்டுகளில் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றில் ஒரு நல்ல பகுதி எழும்பூரில் தங்க, மற்றவை பல நாடுகளின் கூடங்களுக்குப் போயின. இவற்றைக் கண்டெடுத்த கைகள் பெரும்பாலும் கூலிக்கு மண் வெட்டிய கைகள். உருக்கினால் செம்பு விலையாவது கிடைக்கும் என்ற நிலையிலும் அவர்களில் பலர் தாசில்தாரிடம் போய்ச் சொன்னார்கள். என்னைப் பொறுத்தவரை அருங்காட்சியகத்தின் முதன்மைக் கொடையாளர்கள் அவர்களே. மண்டிக்காரர் குடும்பம் தயங்க வேண்டிய இடமே அது இல்லை.

ஓவியக் கூடத்தின் கதை சற்று வேறு. வளாகத்துக்குள் போனதும் இளஞ்சிவப்புக் கல்லில், பதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசாவை நினைவூட்டும் முகப்போடு நிற்கிறதே, அந்தக் கட்டடம் விக்டோரியா மகாராணியின் நினைவாகப் பொதுமக்கள் நன்கொடையில் எழுந்தது. 1906இல், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, 1909இல் திறக்கப்பட்டது. வரைந்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்களைத் தினமும் பார்க்கிறீர்கள் அல்லவா, அதுவும் இந்த இருவரின் கைவேலைதான். முதலில் அங்கே விக்டோரியா தொழில்நுட்ப நிலையத்தின் கைவினைப் பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1951இல்தான் அது தேசிய ஓவியக் கூடம் ஆயிற்று. தஞ்சாவூர் அரண்மனையில் கலைக்கூடம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் என்ற சிவன் செப்புத் திருமேனியைப் பார்க்க இன்றும் அங்கேதான் போக வேண்டும். அவருடைய ஊர்க்காரரான அர்த்தநாரி எழும்பூரில் இருக்கிறார். எழும்பூர் ஓவியக் கூடத்தின் பெருமை ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்களும், தஞ்சாவூர்ப் படங்களும், ராஜஸ்தானி, முகலாயச் சிற்றோவியங்களும். ரவி வர்மாவுக்கும் சென்னைக்கும் உள்ள உறவு அவருடைய இளமையிலேயே தொடங்கியது. 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றதுதான் அவரை ஊரறியச் செய்தது. அவருடைய சகுந்தலை ஓவியம் ஒன்றைச் சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் விலைக்கு வாங்கினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் கட்டிய அந்தக் கல் மாளிகை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பலவீனமானது என்று மூடப்பட்டு நீண்ட காலம் பூட்டியே கிடந்தது. படங்கள் வளாகத்தின் வேறு கூடங்களுக்கு மாறின. ஆகவே நீங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போவதாக இருந்தால், எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று நுழைவாயிலில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. எந்த வழியில் வந்திருந்தாலும், ஒரு பொருள் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் முதலில் நடப்பது ஒன்றுதான்: அக்செஷன் பதிவேட்டில், அதாவது வந்து சேர்ந்த பொருட்களின் பதிவேட்டில், அதற்கு ஒரு வரி எழுதப்படுகிறது. எண், தேதி, பொருளின் விவரம், அளவு, கிடைத்த இடம், வந்த வழி. நன்கொடையா, விலையா, புதையலா, வேறு துறையிலிருந்து மாறியதா என்பதை அந்தக் கடைசிப் பத்தி சொல்லும். அதன்பின் அந்த எண்ணைப் பொருளின் பின்புறத்திலோ அடியிலோ, கண்ணை உறுத்தாத இடத்தில் சிறியதாக எழுதி, அதன் மேல் அரக்குப் பூச்சு பூசுவோம். பணிக்காலத்தில் நான் மிகவும் வருந்தியது சிதைந்த படங்களைப் பார்த்து அல்ல. நல்ல நிலையில் இருந்தும், ‘கிடைத்த இடம்’ என்ற பத்தியில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்த படங்களைப் பார்த்துத்தான். யார் வீட்டில் இருந்தது, யார் வரையச் சொன்னார்கள், எந்தக் கல்யாணத்துக்கு, எந்த வேண்டுதலுக்கு என்று எதுவும் தெரியாத படத்தை அழகு என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. எனவே கொடுப்பதா விற்பதா என்று முடிவெடுக்கும் முன்பே, வீடு இடிபடும் முன்பே, நீங்கள் செய்ய வேண்டியது எழுதுவது. பெரியப்பா இன்னும் இருக்கிறார் என்றால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பலகைப் படம் பூஜை அறையில் இருந்ததா, கூடத்தில் இருந்ததா, எந்தச் சுவரில், யார் வாங்கி வந்தது, தஞ்சாவூரிலிருந்தா, மூர் மார்க்கெட்டிலிருந்தா. சென்ட்ரலை ஒட்டி இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோகும் வரை வடசென்னையின் பல வீடுகளுக்கு இத்தகைய படங்கள் அங்கிருந்துதான் வந்தன. அங்கே வாங்கியது என்றால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள், அதுவும் ஒரு வரலாறு. படங்கள் மாட்டியிருந்த நிலையிலேயே சுவரோடு எடுத்த பழைய புகைப்படம் ஏதாவது கல்யாண ஆல்பத்தில் இருந்தால் அதை விட மேலான சான்று இல்லை.

இனி உங்கள் படங்களுக்கு வருகிறேன். பலகைப் படத்தின் முன்புறத்தை மட்டும் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்; எங்களைப் போன்றவர்கள் முதலில் பார்ப்பது பின்புறத்தை. பழைய முறையில் பலாப் பலகையின் மேல் துணி ஒட்டி, அதன் மேல் சுக்கான் தூளும் பசையும் கலந்து பல முறை பூசி, தேய்த்து மெருகேற்றி, நகைகளும் தூண்களும் வர வேண்டிய இடங்களில் அதே கலவையைப் புடைப்பாக வைத்து, கல் பதித்து, தங்கத் தகட்டை ஒட்டி, கடைசியில்தான் வண்ணம் தீட்டுவார்கள். பலகை வளையாமல் இருக்கப் பின்னால் குறுக்குச் சட்டங்கள் அடித்திருக்கும். சட்டத்தின் பின் அட்டையைக் கழற்றாமலே, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். படம் எழுதிய பலகையே ஒட்டுப்பலகையாக இருந்தால் நூறாண்டுப் பழமை என்று எண்ண இடமில்லை. அறுத்த மரப் பலகையாக, ரம்பத் தடம் ஒழுங்கற்றதாக, பூச்சி அரித்த துளைகளோடு இருந்தால் பழையதாக இருக்கக்கூடும். ‘கூடும்’ என்பதற்கு மேல் அதை வைத்து யாரும் போகக் கூடாது, ஏனென்றால் பழைய பலகையில் புதுப் படம் எழுதுவோரும் உண்டு. தங்கம் அசலா என்று சுரண்டிப் பார்க்க வேண்டாம். அசல் தங்கத் தகடு பல தலைமுறை கடந்தும் கறுக்காது, போலித் தகடு மங்கிப் பழுப்பேறும் என்பது பொதுவாகச் சரி என்றாலும், சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த படத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆகவே இந்தப் படத்தைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றே: கண்ணன் முகத்தின் இடப்பக்கம் சுக்கான் பூச்சு உப்பித் தூக்கிக்கொண்டிருப்பது புகைப்படத்திலேயே தெரிகிறது. அந்த இடத்தில் கை பட்டால் செதிலாகக் கொட்டிவிடும். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். அடியில் இருக்கும் பசை தண்ணீரில் இளகும் பசை. தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், வெயிலில் காய வைக்க வேண்டாம், கரையானுக்கு என்று மண்ணெண்ணெய் அடிக்க வேண்டாம். முன்புறம் மேலே பார்க்க, படுத்த வாக்கில், மேலே எதையும் வைக்காமல், பருத்தி வேட்டி போர்த்தி, சுவரையும் தரையையும் தொடாத உயரத்தில் வையுங்கள். கண்ணாடி உடையாமல் இருக்கும்வரை அதையும் கழற்றாதீர்கள்.

ரவி வர்மா படங்கள் என்று நீங்கள் சொல்பவை அனேகமாக எண்ணெய் ஓவியங்கள் அல்ல, ஓலியோகிராஃப் எனப்படும் அச்சுப் படங்கள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார்; கடன் முற்றி, புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அது ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரின் கைக்குப் போனது. ரவி வர்மா 1906இல் மறைந்த பிறகும் அவர் பெயரைத் தாங்கிய அச்சகம் பல பத்தாண்டுகள் ஓடியது. 1972இல் தீயில் அழிந்தது. ஆகவே படத்தில் அவர் பெயர் இருப்பது அவர் கையால் வரைந்தது என்பதற்கும் சான்றாகாது, அவர் காலத்தது என்பதற்கும் சான்றாகாது. நகைக்கடை உருப்பெருக்கியை இரவல் வாங்கி, கன்னத்தின் நிழல் விழும் இடத்தைப் பாருங்கள்: தூரிகை ஓட்டம் இல்லாமல் பல நிறப் புள்ளிகள் நெருங்கிக் கிடந்தால் அது கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து தாளில் எடுத்த அச்சு. கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் கார்லா, லோனாவ்லா என்ற ஊர்ப் பெயரும் சில படங்களில் இருக்கும். ஆனால் சட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்று அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்ட வீடுகளே அதிகம். உங்கள் நான்கில் சரஸ்வதி படத்தில் புடவைக் கரைக்குச் சரிகையும் சம்கியும் ஒட்டியிருப்பது தெரிகிறது. பழுது என்று நினைத்து அதைப் பிரித்து எடுத்துவிடாதீர்கள். அச்சுத் தாளாக வந்த அம்மனுக்குத் தங்கள் கையால் புடவை உடுத்திப் பார்த்த வீட்டுப் பெண்களின் வேலை அது. தென்னிந்தியாவில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது. ஆயிரக்கணக்கில் வெளிவந்த அதே சரஸ்வதியில், உங்கள் வீட்டுச் சரஸ்வதியைத் தனியாக்குவது அந்தச் சரிகைதான். யார் ஒட்டியது என்று தெரிந்தால் அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.

கொள்ளுத்தாத்தாவின் உருவப் படத்தைப் பற்றி ஒரே வரியில் கேட்டுவிட்டு, “இதை யார் வாங்கப் போகிறார்கள்” என்றும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு எல்லாவற்றிலும் அதுதான் முக்கியமாகப் படுகிறது. இத்தகைய படங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆளை உட்கார வைத்தோ புகைப்படத்தைப் பார்த்தோ கித்தானில் முழுக்க எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. மற்றொன்று, சிறு புகைப்படத்தைப் பெரிதாக்கித் தாளில் எடுத்து, அதைத் துணியில் ஒட்டி, அதன் மேல் வண்ணம் பூசியது. சென்ற நூற்றாண்டின் முதற்பாதியில் புகைப்பட நிலையங்கள் இதை நிறையச் செய்தன. சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருக்கும் ஓரத்திலும், கோட்டு மடிப்புகளில் வண்ணம் மெலிந்த இடங்களிலும் பாருங்கள். அடியில் புகைப்படத்தின் சாம்பல் நிறம் தெரிந்தால் இரண்டாவது வகை. கையெழுத்து இருந்தால் வலது அல்லது இடது கீழ் மூலையில் இருக்கும், கறுத்த வார்னிஷுக்கு அடியில் ஒளிந்திருக்கவும் வாய்ப்புண்டு. அது கலைப் பள்ளியில் படித்தவரின் கையெழுத்தாக அமைந்தால் பெரியமேட்டில் இருக்கும் கவின் கலைக் கல்லூரியில் விசாரிக்கலாம். அந்தக் கல்லூரி பிறந்ததே உங்கள் பகுதியில்தான் என்பது பலருக்குத் தெரியாது: அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தம் சொந்தச் செலவில் பிராட்வேயில் தொடங்கிய பள்ளிதான் பிறகு அரசுக் கலைப் பள்ளி ஆனது, 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வரானார். வரைந்தவர் யார் என்று தெரியாமலே போனாலும், தங்கசாலையில் மண்டி நடத்திய ஒருவர் எந்தத் தலைப்பாகையோடு, எந்தக் கோட்டோடு, மேசை மேல் எந்தக் கணக்குப் புத்தகத்தோடு தம்மை வரையச் சொன்னார் என்பது இந்த நகரத்தின் வணிக வரலாற்றுக்கு ஓர் ஆவணம். சரஸ்வதிக்கு வேறு பிரதிகள் கிடைக்கும், இவருக்குக் கிடைக்காது. மாநில அருங்காட்சியகம் இதை ஏற்காமல் போக வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கலைக்கூடத்தின் அளவுகோல் வேறு. அப்படியானால் அவர் நன்கொடை கொடுத்த பள்ளியோ, சத்திரமோ, வணிகர் சங்கமோ இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் குடும்பத்திலேயே ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். விற்றுப் பங்கு போடுகிறவர்களும் இதற்குப் பங்கு கேட்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

விற்பதைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள ஓவியம் தொல்பொருள் ஆகிறது. அத்தகைய ஓவியத்தை வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. ரவி வர்மாவின் ஓவியங்கள் 1979இல் கலைக் கருவூலங்களாக அறிவிக்கப்பட்டவை என்பதால், அவர் கையால் தீட்டியவற்றுக்கு வயது என்னவாக இருந்தாலும் வெளிநாட்டு வாசல் அடைத்ததே. அச்சகத் தாள்களை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் பலகைப் படம் நூறாண்டைத் தாண்டியதா என்பது இன்னும் ஐயத்தில் இருப்பதால், வாசலுக்கு வந்து ரொக்கம் நீட்டும் தரகரிடம் கொடுத்துவிடாமல், முதலில் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் காட்டிக் கேட்பதுதான் முறை. பதிவு செய்தால் அரசு பிடுங்கிக்கொண்டுவிடும் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. பதிவதால் உடைமை மாறுவதில்லை. படம் உங்கள் வீட்டிலேயே இருக்கும், திருட்டுப் போனால் அது உங்களுடையது என்று நிறுவ அந்தப் பதிவும் அதிலுள்ள புகைப்படமும் உதவும்.

கொடுப்பது என்று முடிவானால், அருங்காட்சியக இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். படங்களின் அளவு, முன்பின் புகைப்படங்கள், நான் மேலே கேட்ட குடும்ப வரலாறு, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்ட சம்மதம் ஆகியவை அதோடு இருக்க வேண்டும். அந்தச் சம்மதம் இல்லாத கொடையை எந்தப் பொறுப்பான அருங்காட்சியகமும் தொடத் தயங்கும். பின்னால் ஒரு அத்தை பேரன் வழக்குப் போட்டால் படம் நீதிமன்றச் சான்றுப் பொருளாகப் பூட்டி வைக்கப்படும். உங்கள் பகுதியிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பச்சையப்ப முதலியார் உயில் எழுதி வைத்துவிட்டு 1794இல் மறைந்தார். ஆனாலும் அவர் தருமத்துக்கு விட்ட பணம் பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்து, 1842இல்தான் பிராட்வேயில் பள்ளிக்கூடமாயிற்று. எழுதி வைத்த கொடைக்கே அந்தக் கதி என்றால் வாய்ச்சொல்லில் கொடுப்பது எவ்வளவு நிற்கும்? வல்லுநர்கள் பார்த்து ஏற்றால் பதிவேட்டில் உங்கள் குடும்பத்தின் பெயர் கட்டாயம் ஏறும். காட்சிக்கு வைக்கும்போது விளக்க அட்டையிலும் நன்கொடையாளர் பெயர் வருவது வழக்கம். ஆனால் காட்சிக்கு வைப்பார்கள் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. எந்த அருங்காட்சியகத்திலும் கூடத்தில் இருப்பதைவிட இருப்பறையில் இருப்பதே அதிகம். “எப்போதும் மாட்டி வைக்க வேண்டும், எங்கள் பெயரில் தனி அறை வேண்டும்” என்ற நிபந்தனைகளோடு வரும் கடிதங்கள் பெரும்பாலும் மறுக்கப்படும். இருப்பறைக்குப் போவதை அவமதிப்பாக நினைக்க வேண்டியதில்லை; வெளிச்சம் படாத இடத்தில் வண்ணங்கள் நீடிக்கும், ஆய்வுக்கு வருகிறவர்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பார்கள். எழும்பூரில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கிவிட்டது; பரமசிவன் என்ற வேதியியலர் செப்புத் திருமேனிகளின் பச்சை அரிப்பை மின்னாற்பகுப்பு முறையில் நீக்கிக் காட்டியது அங்கேதான். உங்கள் கண்ணன் முகத்தின் உப்பலைச் சரிசெய்யும் அறிவு இந்த ஊரில் இருக்கிறது. நன்கொடை கொடுக்காவிட்டாலும் அங்கே ஆலோசனை கேட்பதில் தவறில்லை.

கடைசிக் கேள்வி, வடசென்னையில் ஏன் கலைக்கூடம் இல்லை என்பது. பாந்தியன் கட்டடமே தோட்ட வீடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் கூடிக் களித்த மன்றம். அவர்கள் வாழ்ந்த எழும்பூர், நுங்கம்பாக்கம் பக்கமே அருங்காட்சியகமும் நூலகமும் அமைந்தன. வடக்கே 1856இல் இராயபுரம் ரயில் நிலையம் வந்தது, துறைமுகம் வந்தது, பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் வந்தன. உழைக்கும் இடம் ஒரு பக்கம், பார்த்து மகிழும் இடம் மறுபக்கம் என்று அந்தக் காலத்தில் பிரித்துப் போட்டதை இன்னும் நாம் மாற்றி எழுதவில்லை என்பதுதான் என் கருத்து, இதில் எனக்குக் கோபமும் உண்டு. ஆனாலும் ‘எதுவுமே இல்லை’ என்பது சரியாகாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து சிறிது தூரத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள், தொல்லியல் துறையின் கோட்டை அருங்காட்சியகம் 1948 முதல் இருக்கிறது. 1795இல் வணிகர்களின் பரிவர்த்தனைக் கூடமாகக் கட்டிய கட்டடம் அது. 1796 முதல் 1844 வரை சென்னையின் கலங்கரை விளக்கம் அதன் மாடியில்தான் எரிந்தது. உள்ளே ஆளுநர்கள், அரசர்களின் ஆளுயர எண்ணெய் ஓவியங்கள் வரிசையாக இருக்கின்றன. சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய, ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தைக் குனிந்து பாருங்கள்: திப்பு சுல்தானின் சின்னஞ்சிறு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அதில் புடைப்பாக இருக்கிறது. சென்னைக்காரர்கள் சந்தா போட்டுச் செய்வித்து, நகரத்தில் பல இடம் மாறி, கடைசியில் அங்கே வந்து சேர்ந்த சிலை அது. உங்கள் கொள்ளுத்தாத்தா படத்தைப் போன்ற உருவ ஓவியங்களை எப்படிப் பார்ப்பது, வார்னிஷ் கறுத்தால் எப்படி இருக்கும், துணி தொய்ந்தால் எப்படி மடியும் என்று பழக அதைவிட அருகில் வேறு இடம் உங்களுக்கு இல்லை. அங்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் போக அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கும் முன், பலகைப் படத்தின் பின்புறத்தையும், நான்கு அச்சுப் படங்களின் கீழ் ஓரங்களையும், உருவப் படத்தின் இரண்டு கீழ் மூலைகளையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. அவற்றைப் பார்த்தபின், எதைப் பதிவு அலுவலரிடம் முதலில் எடுத்துப் போவது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.